நானூற்று ஒன்பதில் விட்டவள்

நாற்பத்தெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். கிடங்கில் மூட்டை தூக்குகிறவரின் மனைவி, அவருடைய அக்காவுக்குத் தர வேண்டியிருந்த கடன். அக்கா வீட்டுச் சுவர் பூசச் சேர்த்த பணம் அது. காலையில் போனில் ஷேரை வாங்கி மாலைக்குள் விற்கும் வியாபாரத்தில் போட்டு, ஒரே வாரத்தில் தொலைத்தாள். விலை இறங்க இறங்க, திரும்ப ஏறிவிடும் என்று விற்காமல் உட்கார்ந்ததுதான் அவள் செய்த தப்பு.

சுவர் உதிரும்போதெல்லாம் அக்காவிடமிருந்து போன் வரும்.

ஆறு மாதம் ஒரு ஷேரும் வாங்காமல் விலையை மட்டும் பார்த்தாள். பிறகு தன் தையல் கூலியில் ஒன்பதாயிரம் எடுத்துக்கொண்டு மறுபடி இறங்கினாள். இப்போது ஒரு கட்டுப்பாடு உண்டு. வாங்கும்போதே, எந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிட வேண்டும் என்றும் போட்டுவைப்பாள். ஸ்டாப் லாஸ். பிறகு அதைத் தொட மாட்டாள். ஒரு நாளில் முந்நூறு ரூபாய் போனால் போன் துணிப்பெட்டிக்குள் போய்விடும். வாங்கியது, விற்றது எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவது கணவர் வேலை. நாற்பது வயதில் எழுத்துப் படித்தவர். பேனா மூட்டையை விடக் கனக்கிறது என்பார்.

இரண்டு வருடத்தில் கடன் இரண்டாயிரத்து நூற்றைம்பதுக்கு வந்தது. அடைத்ததில் பாதிக்கு மேல் தையல் மெஷினும் அவர் முதுகும் கொடுத்ததுதான். ஷேர் கொடுத்தது கொஞ்சம்.

அவருக்கு வேலையில்லாத ஒரு நாள் அக்கா நேரிலேயே வந்து, மெஷினுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என் பணத்தை விழுங்கின பெட்டி இதுதானா?" என்று போனைக் காட்டிக் கேட்டாள்.

"இதுதான் அண்ணி. வாயை மூடித்தான் வச்சிருக்கேன்."

அன்று நூறு ஷேர் நானூற்றுப் பன்னிரண்டுக்கு வாங்கியிருந்தாள். அன்றைக்கே விற்பதென்றால் கையில் இருப்பதைப் போல ஐந்து மடங்குக்கு வாங்கத் தரகர் விடுவார். நானூற்று ஒன்பதில் விற்கப் போட்டிருந்தாள். விலை நானூற்றுப் பதினைந்து வரை ஏறியது. அக்கா நாற்காலி நுனிக்கு வந்தாள். பிறகு பதினொன்று. பத்து.

"ஐயோ, அந்த ஒன்பதை எடுத்துட்டு ஏழு போடுடி! திரும்ப ஏறும்!"

அவரும் நோட்டை விட்டு எழுந்து வந்தார். "அக்கா சொல்றதும் சரிதான். கொஞ்சம் தாக்குப் பிடியேன்."

அவள் தைத்துக்கொண்டிருந்த காலரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "லாரிப் பலகையில ஏறும்போது தோள்ல மூட்டை சரிஞ்சா, நீங்க தாக்குப் பிடிச்சுக்கிட்டா நிப்பீங்க?"

இருபது வருடமாய் அவர் சரிந்த மூட்டையைப் பிடித்ததில்லை. விட்டுவிட்டு விலகுவார். பிடிக்கப் போன கூட்டாளி ஒருவன் இன்றைக்கும் நிமிர்ந்து நடப்பதில்லை. பலகையில் தெரிந்தது இந்த அறையில் எப்படி மறந்தது?

நானூற்று ஒன்பது. விற்றுவிட்டது. முந்நூறு போயிற்று. போனைத் துணிப்பெட்டிக்குள் வைக்கப் போனாள்.

"கெட்டிக்காரிதான் போ!" என்று சிரித்த அக்கா, போனை வாங்கித் தானே பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரத்தில் சிரிப்பு நின்றது. விலை முந்நூற்று எண்பத்தொன்று.

"மூவாயிரம் போயிருக்குமே," என்றாள் மெதுவாய். பிறகு, "மீதியை விட்டுடுடி. நான் கேக்கலை."

"அதெல்லாம் வேணாம் அண்ணி. வெள்ளிக்கிழமை சட்டைக் கூலி வருது."

வந்தது. அவள் கொடுத்த மீதிப் பணத்தை அக்கா இரண்டு முறை எண்ணிப் பார்த்து, "நாளைக்கு எந்த ஷேர் வாங்கலாம்?" என்று கேட்டாள்.

"முதல்ல சுவரைப் பூசுங்க."

அவர் நோட்டைத் திறந்தார். எழுத்து கோணக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, நீளமாய் எழுதினார்: 'என் பெண்டாட்டி வாங்கிய கடன், என் பெண்டாட்டி தீர்த்தாள்.' பிறகு அதை அக்காவுக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்தார்.