போன் பழகிய பெயர்

தையற்காரியின் பழைய ஆண்ட்ராய்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் மகள் ஐபோன் ஒன்றை அனுப்பியிருந்தாள். தையற்காரி இரண்டையும் எடுத்துக்கொண்டு போன் கடைக்கு வந்தாள்.

"படம், நம்பர் எல்லாம் இதுல வந்துரும்க்கா," என்றார் கடைக்காரர்.

"'சாப்பிட்டியா'ன்னு அடிச்சா 'குட்டா'ன்னு அதுவே சேர்த்துக்குமே, அதுவும் வருமா?"

"அது உங்க கையைப் பார்த்துப் பழகினதுக்கா. புதுசு, எந்தக் குட்டான்னு கேக்கும்!"

குட்டன் அவள் மகன். இறந்து எட்டு மாதம். மகளுக்கு எழுதும்போதெல்லாம் அந்தப் பெயர் தானாக வந்து நிற்கும், அழித்துவிட்டு அனுப்புவாள். போன வாரம் அழிக்க மறந்துவிட்டாள். அதைப் படித்த மகள் அதன்பின் பேசவேயில்லை, இந்தப் புது ஐபோன்தான் வந்தது.

"மாத்திடவாக்கா?"

அழுகை வருமா என்று பார்த்தாள். வரவில்லை.

"மாத்துங்க. இருக்கிறவ என்கிட்ட பேசணும்."