கெட்டிப்படாத பெடல்

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்," என்றான் வேப்யோர்ன் வண்டிக்குள்ளிருந்து.

சக்கரம் கழற்றிய முன்பக்கத்தில் நான் தரையோடு தரையாகக் கிடந்தேன். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில் காற்றுப் போக்கும் சிறு திருகு, அந்த நிப்பிளை அரைச்சுற்று தளர்த்தினேன். மெல்லிய குழாய் வழியாக பிரேக் ஆயில் ஜாடிக்குள் வடிந்தது. குமிழி எதுவும் இல்லை. இறுக்கினேன்.

"விடு."

"விட்டாச்சு. கெட்டியாயிடுச்சா?"

"நீதான் சொல்லணும். கால் உன்னுது."

"சதுப்புல மிதிக்கிற மாதிரி இருக்கு. போதுமா?"

பிரேக்கில் ஏர் எடுக்க, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற, இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மிதிக்க, ஒருவர் திறக்க. முன்பெல்லாம் என் மனைவி இங்குன் மிதிப்பாள். மிதித்துக்கொண்டே செல்போனில் ஏதாவது படித்துக் காட்டுவாள். பிப்ரவரியில் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இறந்துபோனாள். வேப்யோர்ன் அவள் அண்ணன். அவனைத் தவிர எனக்கு மிதிக்க ஆள் இல்லை. பெர்கன் நகரத்துக்காரனான என்னை அவனுக்குப் பிடிக்காது என்பது இதில் ஒரு சிக்கல்.

அடக்கம் முடிந்த வாரம் அவனும் அவன் மனைவி ஓஸ்னேயும் எங்கள் மகள் இல்வாவைத் தங்கள் பண்ணைக்கு அழைத்துப் போனார்கள். கொஞ்ச நாளைக்கு என்றார்கள். நான் மறுக்கவில்லை. அப்போது நான் எதையும் மறுக்கவில்லை. ஆகஸ்டில் அவளைத் திருப்பிக் கேட்டேன். சரி என்றான். பண்ணை மலைமேல் இருக்கிறது. அங்கிருந்து ஃபெர்ரித் துறை வரை ஒரே இறக்கம், கொண்டை ஊசி வளைவுகள். அன்று பாதி வழியில் என் பிரேக் சூடேறிப் போனது. பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்க மாட்டேன் என்றது. முதல் கியரில் ஊர்ந்து துறைக்கு வந்தபோது முன்சக்கரங்களிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. பின்னாலேயே தன் வேனில் வந்த வேப்யோர்ன் இல்வாவைக் குழந்தை இருக்கையோடு தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டான்.

"அந்த வண்டில இனிமே அவ ஏற மாட்டா," என்று இரவு போனில் சொன்னான். "பிரேக்க சரி பண்ணிட்டு வா. அப்புறம் பேசலாம்."

வேறு வண்டி வாங்க வழியில்லை. அதே கம்பெனியின் கனமான மாடலில் வரும் முன்பிரேக் இதில் அப்படியே உட்காரும் என்று வண்டிக்காரர்களின் இணையக் குழுவில் போட்டிருந்தார்கள். பெரிய டிஸ்க், பெரிய காலிப்பர், சூடு தாங்கும். ஒரு காயலான் கடையில் அந்த மாடல் கவிழ்ந்து கிடந்தது. காலிப்பர் இரண்டையும் நானே கழற்றிக்கொண்டேன். சமையலறை மேசையில் வைத்து உரசிக் கழுவி, ரப்பர் வளையங்கள் மாற்றினேன். டிஸ்க்கும் அதை அழுத்தும் பேடும் மட்டும் புதிது. மாட்டிய பிறகுதான் தெரிந்தது, பழைய சக்கரம் பெரிய காலிப்பரில் இடிக்கிறது. ஓர் அங்குலம் பெரிய சக்கரங்கள் தேடி இன்னும் இரண்டு வாரம் போனது. கடைசியில் எல்லாவற்றையும் பின்பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, பழைய பிரேக்கோடு மெதுவாக ஏறி இங்கே வந்து, அவன் கொட்டகையில் மாட்டினேன்.

இன்று சனிக்கிழமை. திங்களன்று எங்கள் ஊர் பாலர் பள்ளியில் இல்வாவுக்கு இடம். இன்று அவளை அழைத்துப் போகாவிட்டால் அந்த இடம் வேறு குழந்தைக்குப் போகும். அப்புறம் அவள் இங்கேயே பள்ளிக்குப் போவாள். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"இன்னொரு தடவ," என்றேன்.

"பெர்கன்காரரே, எத்தன தடவதான்? காலையிலேர்ந்து மிதிக்கிறேன். சைக்கிள்ல போயிருந்தா ஆஸ்லோ போயிருப்பேன்."

"இன்னும் ஒரே தடவ."

மிதித்தான். திறந்தேன். ஆயில் சுத்தமாக வந்தது. குமிழி இல்லை. ஆனாலும் பெடல் மெத்தென்றே இருந்தது. நானும் ஏறி மிதித்துப் பார்த்தேன். இரண்டு மூன்று முறை அடித்தால் மேலே வந்தது. பிறகு மெல்ல இறங்கியது.

"புது பேட்," என்றேன். "டிஸ்க்கோட ஒட்டிப் பழகணும். நாலு தடவ மிதமா பிரேக் போட்டா கெட்டியாயிடும்னு சொல்றாங்க."

"யாரு சொல்றாங்க?"

"இணையத்துல."

"இங்குனும் அப்படித்தான். இவன எங்கேர்ந்துடி புடிச்சேன்னு கேட்டதுக்கு, இணையத்துலேர்ந்துன்னா."

நான் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. சக்கரங்களை மாட்டினோம்.

"சரி, நான் போய்ப் பழக்கிட்டு வரேன்," என்று சாவிக்குக் கை நீட்டினேன்.

வேப்யோர்ன் சாவியைத் தரவில்லை. "நீ இரு. நான் ஓட்டறேன்."

"என் வண்டி."

"இல்வாவுக்கு நீ ஒருத்தன்தான் இருக்க. எனக்கென்ன, ஓஸ்னே வேற ஆளப் பாத்துக்குவா." மேல்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "ஏரிப்பக்கம் சமமான ரோட்லதான். பத்து நிமிஷம்."

போனான். நான் கொட்டகையைச் சுத்தம் செய்யத் தொடங்கினேன். ஆயில் ஜாடியை மூடினேன். ஸ்பேனர்களைத் துடைத்தேன். வீட்டுக்குள்ளிருந்து வாஃபிள் வாசமும் இல்வாவின் குரலும் வந்தன. யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். பொம்மையாக இருக்கும்.

கழற்றிப் போட்ட பழைய காலிப்பரை ஓரமாக வைக்கக் கையில் எடுத்தேன். வண்டியில் இருந்த வாக்கில்தான் பிடித்திருந்தேன், பழக்கம். நிப்பிள் மேலே இருந்தது.

மேலேதான் இருக்கும். காற்று மேலேதான் போகும். நிப்பிள் உச்சியில் இருந்தால்தான் திறக்கும்போது அது வெளியேறும்.

காலை முழுக்க நான் தரையோடு கிடந்து திறந்த நிப்பிள் எங்கே இருந்தது?

கீழே. அதனால்தான் தரையோடு கிடந்தேன்.

இடதை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாட்டியிருக்கிறேன். கழுவும்போது இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், எந்தப் பக்கமும் உட்காரும். உள்ளே மேல்பாதியில் காற்று அப்படியே நிற்கிறது. கீழே திறந்து நல்ல ஆயிலை மட்டும் வடித்துக்கொண்டிருந்தோம்.

அவனைப் போனில் கூப்பிட்டேன். ஆணியில் தொங்கிய மேல்சட்டைக்குள் போன் அடித்தது.

பரவாயில்லை, சமமான ரோடு என்று நினைத்தேன். அப்போது என் வண்டியின் சத்தம் கேட்டது. ஏரிப்பக்கமிருந்து இல்லை. கீழேயிருந்து. வளைவுகளுக்குள்.

அவனுக்குச் சமமான ரோடு போதவில்லை. பிரேக்கை மலையில் பார்த்தால்தான் அவன் நம்புவான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஓடினேன். ரோடு வழியாக அல்ல. ஆடுகள் இறங்கும் தடம் ஒன்று வளைவுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. மழை பெய்து பாசி வழுக்கியது. ஒரு முறை உட்கார்ந்தபடியே சறுக்கினேன். முதல் வளைவில் ரோட்டைத் தாண்டியபோது வண்டி இல்லை. இரண்டாவதில் கீழே என்ஜின் அலறியது. கியரை இறக்குகிறான். பிரேக் பிடித்தால் யாரும் அப்படி இறக்க மாட்டார்கள். அப்புறம் தகரம் பாறையில் தேயும் நீண்ட சத்தம்.

அப்புறம் ஒன்றுமில்லை.

பிப்ரவரியிலிருந்து எனக்குள் எதுவும் அசையவில்லை. அடக்கத்தின்போதுகூட சவப்பெட்டியின் கைப்பிடி திருகுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது வாயில் இரும்பு ருசி. "வேப்யோர்ன்" என்று கத்துவது நான்தான் என்பது எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது.

மூன்றாவது வளைவுக்கு மேல் வண்டி மலைப்பக்கப் பாறையில் சாய்ந்து நின்றது. வலப்பக்கக் கண்ணாடி இல்லை, கதவு கிழிந்திருந்தது. பத்தடி தள்ளி ரோட்டோரக் கற்கள், அதற்கப்பால் கீழே ஃபியோர்டின் கடல்நீர். அவன் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தான். ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்திருந்தான். கால் இன்னும் பெடலை அடித்துக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்தேன். "நின்னுடுச்சு. விடு."

"தரை வரைக்கும் போச்சு," என்றான். "தட்டிக்கிட்டே இருந்தேன். ரெண்டு வளைவு புடிச்சுது. அப்புறம் தரை வரைக்கும் போச்சு."

வெளியே வந்து ஒரு கல்லில் உட்கார்ந்தான். ஸ்னூஸ் புகையிலை டப்பாவை எடுத்தான், திறக்க முடியவில்லை. வாங்கித் திறந்து கொடுத்தேன். உதட்டுக்கடியில் வைத்துக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தான்.

"காலிப்பர மாத்தி மாட்டிட்டேன்," என்றேன். "இடது வலதுல. காத்து உள்ளயே நிக்குது."

"எப்பத் தெரிஞ்சுது?"

"நீ போனப்புறம்."

"நல்ல நேரம் பாத்த." வண்டியின் பின்கதவைப் பார்த்து, "அவ பின்சீட்ல இருந்திருப்பா," என்றான்.

"ஆமா."

"ஆமாவா? வேற ஒண்ணும் சொல்ல மாட்டியா? தங்கச்சி செத்தப்பவும் இப்படித்தான் நின்ன. மரம் மாதிரி."

"நான் ஓடி வந்தேன்," என்றேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் பேண்ட் முழுக்கச் சேறு, உள்ளங்கையில் ரத்தம். அவன் அதைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"இன்னிக்கு அவள அனுப்ப மாட்டேன்னு சொன்னா என்ன பண்ணுவ?"

"சரின்னு சொல்ல மாட்டேன். போன தடவ சொன்னேன். இப்ப சொல்ல மாட்டேன்."

டப்பாவை மூடினான். எழுந்து மேலே நடந்தான். போய்விட்டான் என்றுதான் நினைத்தேன். வேனில் திரும்பி வந்தான், ஜாக்கி, ஸ்பேனர்கள், ஆயில், குழாயோடு. வேனை மேல்வளைவில் குறுக்கே நிறுத்தி விளக்கைச் சிமிட்ட விட்டான்.

ரோட்டிலேயே கழற்றினோம். காலிப்பர்கள் இடம் மாறின. நிப்பிள்கள் மேலே வந்தன. இப்போது நான் படுக்கவேண்டியிருக்கவில்லை, மண்டி போட்டால் போதும்.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

திறந்ததும் துப்பியது. ஜாடியில் நுரை. காலையிலிருந்து உள்ளே பதுங்கியிருந்த காற்று கொப்பளித்து வந்தது. மூடினேன், திறந்தேன். நுரை குறைந்தது, தனித்தனிக் குமிழிகளானது, நின்றது. அடுத்த பக்கமும் அப்படியே.

"ஏய்," என்றான் வேப்யோர்ன். "கல்லு மாதிரி இருக்குடா."

நான் மிதித்தேன். கல் மாதிரிதான் இருந்தது.

"நான் கீழ எடுத்துட்டுப் போறேன்," என்றான்.

"இல்ல, நான்."

"சொன்னேன்ல. அவளுக்கு நீ ஒருத்தன்தான்—"

"அதனாலதான் நான் ஓட்டணும்."

சாவி அவன் கையிலேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு என் கைக்கு வந்தது.

தனியாக இறங்கினேன். ஒவ்வொரு வளைவிலும் தேவைக்கு மேல் பிரேக் போட்டேன். துறையில் திரும்பி ஏறினேன், மறுபடி வேகமாக இறங்கினேன். புது பேடின் வாடை வந்தது. பெடல் இருந்த இடத்திலேயே இருந்தது. மேலே வந்தபோது இல்வாவின் இருக்கையோடு அவன் முற்றத்தில் நின்றிருந்தான். அவனே வண்டியில் வைத்து வாரை இழுத்துப் பார்த்தான். இன்னொரு முறை இழுத்தான். ஓஸ்னே வாஃபிள் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"கதவு ஏன் கிழிஞ்சிருக்கு?" என்றாள் இல்வா.

"மாமா ஓட்டினான்," என்றேன்.

"பெர்கன்காரன் பிரேக்கு," என்றான் வேப்யோர்ன். குனிந்து அவள் தலையில் முகத்தை வைத்தான். நிமிரும்போது என்னைப் பார்க்கவில்லை. "கீழ போனதும் போன் பண்ணு. ஃபெர்ரில ஏறினப்புறம் இல்ல. கீழ போனதும்."

இறங்கினோம். அவள் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். என் காதில் எதுவும் விழவில்லை, பெடலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் வளைவு, இரண்டாவது, பாறையில் என் வண்டியின் நீலச் சாயம், அடுத்தது. கடைசி வளைவு தாண்டியும் கெட்டியாகவே இருந்தது.

துறையில் நிறுத்தி அவனுக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தான். "வந்துட்டோம்" என்றேன். கேட்டதும் வைத்துவிட்டான்.

ஃபெர்ரி வாய் திறந்தது. மஞ்சள் சட்டைக்காரன் எங்களைப் பார்த்துக் கையசைத்தான். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். என் கால் பெடலை விட்டு வரவில்லை. முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தது.

"அப்பா," என்றாள் இல்வா. "அந்த ஆள் வான்னு சொல்றாரு."

"பாத்தேன்."

"அப்ப போலாம்."

காலை எடுத்தேன்.