காட்டு ரோஜா யாருக்கும் கெடுதல் செய்யவில்லையாம்

எங்கள் கெல்கித் பக்கத்து ஆட்களிடம் ‘எப்படி இருக்கீங்க’ என்று கேட்பதைப் போல வீண் வேலை உலகத்தில் இல்லை. கால் முறிந்து கட்டிலில் கிடப்பவனும் ‘ஷுக்குர், ஆண்டவன் புண்ணியத்துல நல்லா இருக்கேன்’ என்பான். கேட்பவர் விருந்தாளி என்றால் உயிரே போனாலும் வாயிலிருந்து ஒரு குறை வராது. இது தெரியாமல்தான் எர்சுரூம் பல்கலைக்கழகத்திலிருந்து டாக்டர் எர்கான் வந்து சேர்ந்தார்.

எங்கள் மலைச்சரிவு முழுக்கக் காட்டு ரோஜா. அதன் சிவப்புக் காயை உலர்த்தி அரைத்த பொடி மூட்டுவலியைக் குறைக்கிறதா என்று மூன்று மாதம் கொடுத்துப் பார்க்கப் போகிறாராம். பாதிப் பேருக்கு நிஜப் பொடி, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் போலிப் பொடி. எங்கள் நாக்கையா ஏமாற்றுவது? போலிப் பொடி கிடைத்தவர்கள் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். டாக்டர் மனம் நோகுமே என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பொடி அரைத்துக் கொடுத்தது என் அண்ணன் ருஷ்துவின் ஆலை. முதல் நாள் அங்கேதான் எல்லோரையும் உட்கார வைத்து டாக்டர் சொன்னார்: சிறுநீரகத்தில் கல் வந்தவர்கள் சேர வேண்டாம், இந்தக் காயில் வைட்டமின் சி அதிகம், அவர்களுக்கு மறுபடி கல் வளரலாம். என் அக்கா ஹவ்வா ஏற்கெனவே கல் வந்து துடித்திருக்கிறாள். நான் அவள் விலாவில் இடித்தேன். அண்ணன் அவளைப் பார்த்தான். அவள் தனக்கு அப்படி எதுவும் வந்ததில்லை என்று பெயரைக் கொடுத்தாள். அவள் பங்குக்கு வந்ததும் நிஜப் பொடிதான்.

இரண்டாவது மாதம் அவளுக்கு இடுப்பில் வலி, சிறுநீரில் ரத்தம். டாக்டர் வீடு வீடாக வந்து ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டபோது, இவள் முகம் வெளுத்துப் போய் நின்றுகொண்டு ‘ஷுக்குர்’ என்றாள். நான் வாய் திறந்ததும் தொடையில் கிள்ளினாள் பாருங்கள், அப்படியே கன்றிப்போனது. கடைசியில் காய்ச்சல் ஏறி நினைவு தப்பிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கல் அடைத்து, இடது சிறுநீரகம் முழுக்கச் சீழ். எடுத்துவிட்டார்கள். கல் வளர்ந்ததற்குப் பொடிதான் காரணம் என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் முன்பே வந்திருந்தால் சிறுநீரகத்தைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் அறுவை செய்தவர்.

அண்ணனோ டாக்டரிடம், ஹவ்வா பர்சாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று சொல்லியிருக்கிறான். பாதியில் விட்டவர்கள் கணக்கில் அவளைச் சேர்த்துவிட்டார்கள். முடிவும் வந்தது: வலி ஓரளவு குறைகிறது, யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. முதல் பாதியிலிருந்த ‘ஓரளவை’த் தூக்கிவிட்டு, ஆலைக் கதவில் ஆள் உயரத்துக்கு எழுதி வைத்தான் ருஷ்து. கல் வந்த இன்னும் எத்தனை பேர் அதை நம்பி வாங்கிப் போவார்களோ!

நான் பஸ் ஏறி எர்சுரூமுக்கே போனேன். கேட்டதும் டாக்டருக்கு முகம் செத்துப்போயிற்று. அக்கா தன் வாயால் சொல்லி, ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் பார்க்கச் சம்மதித்தால் முடிவைத் திருத்தி எழுதுவதாகச் சொன்னார். நல்ல மனிதர். அடுத்த வெள்ளிக்கிழமையே வந்தார்.

அண்ணன் ஊரில் இல்லாத நாள். அக்கா வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். ஹவ்வா தேநீரும் வெண்ணெய் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். டாக்டர் தணிந்த குரலில் கேட்டார், பொடி சாப்பிட்ட காலத்தில் உடம்புக்கு ஏதாவது வந்ததா என்று.

“ஷுக்குர், நல்லாத்தான் இருந்தேன் டாக்டர். மக வீட்டுக்குப் போயிட்டேன், அதான் பாதியில விட்டுட்டேன். ரொட்டி எடுத்துக்கோங்க.”

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. எழுந்து போய் அவள் கம்பளிச் சட்டையைப் பிடித்து மேலே தூக்கினேன். “இது என்னன்னு அவர்கிட்ட சொல்லுக்கா!”

டாக்டர் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எத்தனை உடம்பைப் பார்த்த மனிதர்! ஒரு பெண்ணை அவள் விருப்பமில்லாமல் பார்க்கக் கூடாது என்று அந்த அறுவைத் தழும்பைப் பார்க்காமலே நின்றார். “விட்டுடுங்கம்மா. அவங்க சொல்றதைத்தான் நான் எழுத முடியும்,” என்று சுவரிடமே சொல்லிவிட்டு, காலணியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஹவ்வா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அழவில்லை. “இந்த ஊரே அந்தக் காயால சோறு திங்குது. என் ஒருத்தி இடுப்பு வலிக்காக அதுல மண்ணைப் போடச் சொல்றியா? அந்நிய ஆம்பள முன்னாடி என் மானத்தை வாங்கிட்ட. இனி என் வாசப்படி மிதிக்காத.”

எங்கள் இருவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு முற்றம்தான். மறுநாள் காலையில் அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் ஜன்னலுக்கு நேராகப் போட்டாள். ஒரு டம்ளர் தண்ணீரில் ருஷ்துவின் பொடியைக் கரண்டி கரண்டியாகப் போட்டுக் கலக்கி, என்னையே பார்த்தபடி முழுவதையும் குடித்தாள். மிச்சமிருக்கும் அந்த ஒற்றைச் சிறுநீரகத்தோடு, இன்றைக்கும் காலையில் குடித்தாள்.