கேட்காத பால்மா

வாவிக்கு அக்கரையிலுள்ள படுவான்கரைக்கென்று கட்டிய பால்மாப் பெட்டிகள் கல்லடிக் களஞ்சியத்தில் கிழமைக் கணக்காகக் கிடந்தன. ஜெயரூபன் அவற்றின்மேல் ஏறி உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தான். களஞ்சியப் பொறுப்பாளன் என்ற பெரிய பதவிக்கு நிவாரண நிறுவனம் ஒரு கதிரைதான் கொடுத்திருந்தது, அதுவும் நொண்டி.

எதிர்ச் சுவரில் படம். திட்டமிடல், வாங்கல், பொதியிடல், கொண்டுசேர்த்தல், திருப்பியெடுத்தல்; ஐந்து கட்டம், நடுவில் அம்புக்குறிகள். உலகத்தில் எந்தச் சரக்கும் இப்படித்தான் ஓடுகிறதாம். சுனாமியோடு யாரும் கேட்காமலே கம்பளிக் கோட்டுகள் வந்து குவிந்தன. கல்லடி வெயிலில் அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் ஜெயரூபன் ஒன்றை மாட்டுக்குப் போர்த்திப் பார்த்தான், மாடு முட்டிவிட்டது. அதற்குப் பிறகுதான் படமும் சட்டமும் வந்தன: கேட்டால் மட்டும் அனுப்பு. முட்டு வாங்கியவன் அதை வேதமாகப் பிடித்துக்கொண்டான்.

வாவிக்கு அக்கரையில் கேட்டனுப்புகிறவள் அவனுடைய அக்கா சீதேவிப்பிள்ளை. எத்தனை பிள்ளைக்குப் பால்மா வேண்டுமென்று விசாரித்து, ஆளையும் வண்டியையும் ஏற்றிக் கடக்கும் மிதவையான பாதையில் யாரிடமாவது சொல்லிவிடுவாள். இந்த மாசியில் அக்கரையிலிருந்து ஷெல் சத்தம்தான் வந்தது. கேட்கவில்லையென்றால் தேவையில்லை என்றது சட்டம்.

கூட வேலைசெய்யும் காத்தான்குடி ஹிதாயாவுக்குப் பொறுக்கவில்லை. "கேக்க ஏலாம இருந்தா என்ன சேர் செய்யிற?"

"எங்கட அக்காவா? பொறந்ததிலிருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா. பேசாம இருக்காவெண்டா வயிறு நிறைஞ்சிருக்கு."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

பங்குனியில் சனம் தோணியிலும் கழுத்தளவு தண்ணீரிலும் வாவியைக் கடந்து வந்தது. அக்கா வரவில்லை. அவளுடைய அயலவர் வல்லிபுரத்தை, சனம் தங்கியிருந்த களுவாஞ்சிக்குடிப் பள்ளிக்கூடமொன்றில் ஜெயரூபன் தேடிப் பிடித்தான். பாதை நின்று ஒரு மாதம் என்றார். நடக்கமுடியாத தாய்மாரும் கைப்பிள்ளைகளும் கோயிலுக்குள் கிடக்கிறார்களாம். வாருங்கள் என்று எல்லோரும் இழுத்தும் சீதேவிப்பிள்ளை அசையவில்லையாம்.

"'நான் கேக்காட்டியும் தம்பி அனுப்புவான், துறையடியில ஆள் நிக்கணும்' எண்டு சொன்னா, மனே."

அன்றைக்கே லொறியில் பெட்டிகளை ஏற்றினான். மண்முனைத்துறையில் சிப்பாய் கையைக் காட்டி மறித்தான். பாதை ஓடாது, யாரும் போகமுடியாது. ஜெயரூபன் மன்றாடினான். அக்கரையில் தென்னைகளுக்கு மேலே புகை எழும்பிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே துறை இருக்கிறதா என்றே தெரியவில்லை.

அவன் பெட்டிகளை இறக்கி, தண்ணீர் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினான். அக்கரைத் துறையடியிலிருந்து பார்த்தால் தெரியும் உயரத்துக்கு. சிப்பாய் பார்த்துக்கொண்டு நின்றான், தடுக்கவில்லை.