கோப்பி யாரைப் பார்த்துக் குரைக்கிறான்?

வாருங்கள், சிங்கப்பூர் மார்சிலிங் வட்டாரத்தின் இந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வந்து நில்லுங்கள்; ஒரு தண்டனை நிறைவேறப் போவதைக் கண்ணாரக் காணுங்கள். குற்றவாளிக்கு நான்கு கால்கள். பழுப்பு நிறம், ஒரு காது மடிந்திருக்கும், பெயர் கோப்பி. பத்து மணிக்குப் பயிற்சி நிலையத்தின் வண்டி வரும். பிறகு மூன்று வாரம் கூண்டு. குரைத்தால் மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டை. இப்போது மணி ஒன்பது ஐம்பது.

கயிற்றைப் பிடித்து நிற்பவள் வைஷாலி. நானே பழக்கிவிடுவேன் என்று ஆண்டு விடுப்பு முழுவதையும் இந்த நாய்க்குக் கொடுத்தவள். வேகவைத்த கோழி ஈரலை நறுக்கி வைத்துக்கொண்டு, உட்கார் என்றால் உட்காரவும், இரு என்றால் மின்தூக்கிக் கதவு திறந்தாலும் அசையாதிருக்கவும் கற்றுக்கொடுத்தாள். தபால்காரரைக் கண்டால் கோப்பி வாலாட்டுவான். எதிர்வீட்டுச் சீன முதியவரின் சக்கர நாற்காலியை முகர்ந்துவிட்டு விலகுவான். ஆனால் சேறு அப்பிய பூட்ஸும் நிறுவனப் பெயர் அச்சிட்ட சட்டையுமாய்ப் புல்வெட்டும் ஆள்கள் வந்தால் மட்டும் பாய்வான். சென்ற வாரம் அவர்களில் ஒருவர் பின்வாங்கி விழுந்து மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. யாரோ வீடமைப்பு வாரியத்துக்கு இரண்டாவது புகாரை அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதும் போனால் கோப்பி இந்த வீட்டில் இருக்க முடியாது.

"ஒன் மந்த் ட்ரை பண்ணிட்டே, போதும் லா," என்றான் கணவன் கதிரேசன், நாயின் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கியபடி. "தொழில் தெரிஞ்சவங்க கையில விடு."

"ஷாக் கொடுக்கிறவங்க கையிலயா? உனக்குக் கொடுத்தா குறட்டைய நிறுத்திடுவியா?"

"வைஷு, அடுத்த தடவை மொத்தமா கொண்டு போயிடுவாங்க."

அவள் குனிந்து கோப்பியின் மடிந்த காதை நீவிவிட்டாள்.

அந்நேரம் தூணுக்குப் பின்னாலிருந்து கோவிந்தராசு புல் மூட்டையோடு வெளிப்பட்டார். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்; சென்ற வாரம் விழுந்தவர் அவர்தான், மணிக்கட்டில் இன்னும் கட்டு இருந்தது. அவர் பெயரை வைஷாலி கேட்டதில்லை. கோப்பி வெடித்தான். குரைப்பு தூண்களில் மோதித் திரும்பியது. அவள் இரு கைகளாலும் இழுத்து அவனைக் கல்மேசைக்குப் பின்னே அடக்கினாள்.

பத்தடிக்கு அப்பால் நின்றுவிட்டார் அவர். "ஊர்ல தெரு நாய்கூட என்னைப் பாத்தா வாலாட்டும். இது மட்டும் ஒர்க் பெர்மிட் கேக்குதுக்கா."

கதிரேசன் சிரித்துவிட்டான். வைஷாலி சிரிக்கவில்லை. "சாரி. இன்னைக்கு ட்ரெய்னிங் போறான். திருந்திடுவான்."

"அது எதுக்குக்கா போகணும்?" அவர் தயங்கினார். "தப்பா நெனைக்காதீங்க. நாலு நாளா பாத்துக்கிட்டுதான் இருக்கேன். அது பாக்குறதுக்கு முன்னாடி நீங்க எங்களப் பாத்துடுறீங்க. கயித்தச் சுருட்டி இழுக்குறீங்க. அது உங்க மூஞ்சியப் பாக்குது. அப்புறந்தான் எங்களப் பாத்துக் குரைக்குது."

அவள் தன் கையைப் பார்த்தாள். கயிறு உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது, விரல்முட்டிகள் வெளுத்திருந்தன. எப்போது சுற்றினாள்? ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில், விடுமுறைக்குக் கூடும், தன் மொழியே பேசும் இந்தத் தொழிலாளர்களின் கூட்டத்தினூடே நடக்கும்போது கைப்பை தானாக மார்புக்கு வந்துவிடும். அதையும் அவள் ஒருநாளும் முடிவு செய்து செய்ததில்லை. ஈரல் துண்டால் பாடம் நடத்துவதாக நினைத்திருந்தாள். பாடம் ஒரு மாதமாக இந்தக் கயிற்றின் வழியே நடந்துகொண்டிருந்தது.

வண்டி வளைவில் திரும்பியது.

"இன்னொரு தடவை நடந்து வர்றீங்களா? நான் இழுக்காம நிக்கிறேன்," என்றாள் அவசரமாக.

"நான் எதுக்குக்கா வரணும்? மறுபடி விழுந்து லீவு போட்டா சூப்பர்வைசர் என்னை ஊருக்கு அனுப்பிடுவாரு." மூட்டையைக் கீழே வைத்தார். "நீங்க வாங்க."

வண்டி நின்றது. அதன் பக்கக் கதவு நகர்ந்து திறந்தது. கதிரேசன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவள் ஒரு சுற்றை அவிழ்த்தாள், மற்றொன்றையும் அவிழ்த்தாள். கயிறு தொய்ந்து தரையைத் தொட்டது. கோப்பி அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கோவிந்தராசுவை நோக்கி முதல் அடியை எடுத்து வைத்தாள்.

குரைத்தானா என்று என்னைக் கேட்காதீர்கள். இன்று மாலை நீங்கள் வீடு திரும்பும்போது, உங்கள் கட்டடத்தின் கீழும் ஒருவர் உங்களுக்கு வழிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நிற்பார். அவர் வரமாட்டார், வரவேண்டியவரும் அல்லர். நீங்கள் அவரை நோக்கி நடந்து போங்கள்.