மூன்றாவது மாடிக்கு ஏறிய கடல்

சாந்தோம் கடற்கரையை ஒட்டிய ஹவுசிங் போர்டு குடியிருப்பில், கடல் தினமும் விடியற்காலையில் படியேறி மூன்றாவது மாடிக்குப் போய் ஜலஜாவின் வாசலில் மீனைக் கொட்டிவிட்டுத் திரும்பியது. ரோட்டைத் தாண்டும்போது பால் வண்டிக்கு வழிவிடும். கீழே நிறுத்தியிருக்கும் பைக்குகளை நனைக்காது. முதல் மாடியிலும் இரண்டாம் மாடியிலும் போட்டிருக்கும் கோலங்களைக் கலைக்காமல் கைப்பிடிச் சுவர் ஓரமாகவே ஏறும். பால் பாக்கெட்டுக்குப் பை மாட்டிவைக்கிற மாதிரி ஜலஜா வாசலில் அன்னக்கூடையை வைத்திருப்பாள். ஒரு நாள் சங்கரா, ஒரு நாள் கிழங்கான், யோகம் இருந்தால் வஞ்சிரம். ஆரம்பத்தில் டிவிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். அவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்க முடியாமல் நிறுத்திவிட்டார்கள். குப்பத்துக்குத் தண்ணி லாரி வராமல் போனாலே செய்தி ஆவதில்லை, கடல் வருவதா செய்தி ஆகிவிடப் போகிறது!

ஜலஜாவின் புருஷன் தேசப்பன் ஒரு மார்கழியில் வலை போடப் போய்த் திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. காரியம் முடிந்த மறுநாள்தான் கடல் முதல் தடவை படியேறியது. ஏன் வருகிறது என்று யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. எதிர் வாசலில் குடியிருந்தவள் சூடாமணி, தேசப்பனின் அண்ணன் வெள்ளைத்துரையின் மனைவி. தம்பி போனதும் வெள்ளைத்துரை கடலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் செக்யூரிட்டி வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் மீன் பிடிக்க ஆள் இல்லாததால் சூடாமணி இருட்டிலேயே ஷேர் ஆட்டோ பிடித்துக் காசிமேட்டுக்கு ஓடி, மொத்த வியாபாரிகளோடு ஏலத்தில் முட்டி மோதி, ஐஸ் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து சேர்வாள். அதற்குள் ஜலஜா ரோட்டோரத்தில் போணி முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பாள். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துதான் விற்க வேண்டும். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

நன்றாகவே எரிந்தது. அடையாறிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருகிறவர்களிடம், ஜலஜா கூடையில் இருப்பது கடல் மீன் இல்லை, முகத்துவாரத்துச் சாக்கடை மீன் என்று காதோடு காதாகச் சொல்லிப் பார்த்தாள். தன் வாசலிலும் ஒரு கூடையை வைத்துக் கற்பூரம் கொளுத்தினாள். ஒரு நாள் ஜலஜாவின் கூடையையே தூக்கித் தன் வாசலில் வைத்துவிட்டாள். கடல் மேலே வந்து கொஞ்ச நேரம் தயங்கியது. பிறகு கூடையை மெதுவாக நகர்த்தி, ஜலஜா வாசலிலேயே வைத்து, மீனைக் கொட்டிவிட்டு இறங்கியது. அன்றைக்குச் சூடாமணி அழுதாள். ஜலஜாவின் புருஷனை வாரிக்கொண்டு போன கடலாயிற்றே என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மீன் மட்டும்தான் கண்ணில் நின்றது.

அந்த வருஷம் தரமணியில் ஏதோ ஓர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து தீபிகா என்ற பெண், கடலோர மக்களின் சமூக, பொருளாதாரத் தேவைகளைப் புரிந்துகொள்ள வந்தாள். நல்ல பெண், மோர் கொடுத்தால் குடிப்பாள். வலை உலர்த்த இடம் கேட்டார்கள். ஈர வலையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற முடியவில்லை, லிஃப்ட் வேண்டும் என்றார்கள். மீன் விற்கும் இடத்துக்குப் பக்கத்தில் பெண்களுக்கு ஒரு கக்கூஸ் கேட்டார்கள். ரோட்டிலிருந்து விரட்டாமல் இருந்தாலே போதும் என்றும் சிலர் சொன்னார்கள். சூடாமணியின் முறை வந்தது.

"எங்களுக்கு இன்னா வேணும்னு கேக்கறியா கண்ணு? அவ வூட்டுக்கு வர்ற கடலு என் வூட்டுக்கும் வரணும். வேற ஒண்ணும் வாணாம்."

தீபிகா எல்லாவற்றையும் எழுதி அனுப்பினாள். கேட்டதிலேயே செலவு குறைவானது இதுதான் என்பதால் இது ஒன்றுக்கு மட்டும் மேலிடத்தில் அனுமதி கிடைத்தது. ஒரு கொத்தனார் வந்து, படி முடியும் இடத்திலிருந்து இரண்டு வாசலுக்கும் ஒரே அகலத்தில் கால்வாய் வெட்டி, சிமெண்ட் பூசி, தண்ணீர் ஊற்றிச் சரிபார்த்துவிட்டுப் போனார். வலை உலர்த்தும் இடமும் லிஃப்ட்டும் கக்கூஸும் அடுத்த திட்டத்தில் என்றார்கள். மறுநாள் கடல் வந்தது, கால்வாயைத் தாண்டிக் கால் வைத்து, நேராக ஜலஜா வாசலுக்குப் போனது.

சூடாமணியின் கோபம் புருஷன் பக்கம் திரும்பியது. அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள். "செத்தவன் பொண்டாட்டிக்கு வூடு தேடி மீனு வருது. உசுரோட கீறவனை வெச்சிக்கினு நான் தெருத் தெருவா ஓடிக்கினு கீறேன்."

வெள்ளைத்துரை தட்டைக் கழுவி வைத்தான். மறுநாள் இருட்டோடு செக்யூரிட்டி சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, குப்பத்துச் சுப்புராயனின் பைபர் படகில் ஏறிப் போனான். காற்று சரியில்லை என்று கரையில் இருந்தவர்கள் சொன்னார்கள். சூடாமணி தடுக்கவில்லை. சொந்தப் புருஷன் பிடித்த மீனை ஜலஜாவின் மூக்குக்கு எதிரில் பரப்பி விற்கலாம் என்ற சந்தோஷத்தில் அன்று காசிமேட்டுக்குக்கூடப் போகவில்லை.

பொழுது விடிந்தது. கடல் படியேறியது. மேலே வந்ததும் கால்வாய் வழியாகத் திரும்பிச் சூடாமணியின் வாசலில் நின்றது. நின்று, கை நீளத்துக்கு ஒரு வஞ்சிரத்தைப் போட்டது, இன்னொன்றைப் போட்டது. ஜலஜா வழக்கம்போலக் கதவைத் திறந்தவள், எதிர் வாசலைப் பார்த்ததும் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். கடல் ஒரு வாசலுக்கு எது நடந்தால் வரும் என்பது அந்த மாடியில் இரண்டு பேருக்கும் தெரியும்.

சூடாமணி துடைப்பத்தை எடுத்தாள். "இங்க இன்னாத்துக்கு வந்தே? எனக்கு ஒண்ணும் வாணாம். எட்த்துக்கினு போ."

தள்ளினாள். கடல் முழங்கால் அளவுக்கு நின்று அசையவில்லை. வஞ்சிரங்களை வாலைப் பிடித்துத் தண்ணீரிலேயே திருப்பி வீசினாள். ஜலஜாவும் தன் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். ஐந்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு, வாய்க்கு வந்தபடி கடலைத் திட்டிக்கொண்டு, படிப்படியாகத் தள்ளி ரோடு வரைக்கும் கொண்டுபோய் விட்டார்கள். உச்சி வெயிலில் சுப்புராயன் படகு கரை தட்டியது. மோட்டார் போயிருந்தது, வலை போயிருந்தது. வெள்ளைத்துரை ஒரு ஐஸ் பெட்டியைக் கட்டிப் பிடித்தபடி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

மறுநாளே அவன் தி.நகருக்குத் திரும்பிவிட்டான். கடல் இப்போதும் வருகிறது, ஜலஜாவின் வாசலுக்குத்தான். சூடாமணிக்குப் பொறாமை போய்விட்டதா என்றால் அதெல்லாம் போகவில்லை. நல்ல வஞ்சிரம் விழுகிற நாட்களில் முகம் சுண்டத்தான் செய்கிறது. ஆனாலும் கடல் வந்து இறங்கிப் போன பிறகுதான் காசிமேட்டுக்குக் கிளம்புகிறாள். தாமதமாகப் போவதால் மிச்சம் மீதிதான் கிடைக்கிறது. அதுவரைக்கும் துடைப்பத்தோடு தன் வாசலை மறித்து உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே வெள்ளைத்துரை குறட்டை விட்டுத் தூங்குகிறான்.