ஆமென் விசை

ஞாயிறுதோறும் ராஜையன் தன் மனைவி ரத்னாபாயை ஸ்கூட்டரில் கொண்டுவந்து ஆலய வாசலில் இறக்கிவிடுவார். பிறகு எதிரே இருக்கும் டீக்கடைக்குப் போய்விடுவார். ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே வரும்வரை அங்கேதான் இருப்பு.

சாலைக் கடைவீதியில் கயிறும் ஆணியும் விற்கும் கடை அவருடையது. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு காதுகளும் கேட்காமல் போயின. காதுக்கு மெஷின் வாங்கி மாட்டிப் பார்த்தார். தகரக் கூரையில் மழை கொட்டுகிற மாதிரி ஓர் இரைச்சல்தான் வந்தது. கடையில் இதனால் பெரிய சிரமமில்லை. ஆணி வேண்டுகிறவன் ஆணியைத் தொட்டுக் காட்டுவான். ஆலயத்தில்தான் முடியவில்லை.

"எல்லாரும் சிரிக்கும்போ எதுக்குன்னு எனக்குத் தெரியல்ல. எல்லாரும் எழும்பும்போ நான் பிந்தி எழும்புறேன். வேண்டாம் பிள்ளே, நீ போய்ட்டு வா" என்று சொல்லிவிட்டார்.

ரத்னாபாய் சண்டை போடவில்லை. பெஞ்சில் தன் பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்துக்கொண்டார். வேறு யாரும் அங்கே உட்காராமல் பார்த்துக்கொண்டார். அவ்வளவுதான்.

ரத்னாபாய் அரசு அலுவலகத்தில் தமிழ் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். போதகர் பேசப் பேசத் தானே அதைத் தட்டினால், முன்னால் ஒரு டிவியில் எழுத்தாக வந்தால், ராஜையன் வாசித்துக்கொள்ளலாமே என்று ஒருநாள் அவருக்குத் தோன்றியது. சபையில் யாரோ, போனே கேட்டு எழுதிவிடும் என்று சொல்லி ஒரு செயலியைப் போட்டுக் காட்டினார்கள். போதகரின் நாகர்கோவில் பேச்சும் நடுநடுவே வரும் மலையாளமும் அந்தப் போனுக்குப் பிடிபடவில்லை. ஆகவே விரல்தான் வழி. ஆனால் விரலில் வாதம். ரத்னாபாய் பழகிய டைப்ரைட்டர் முறையில் பாதி எழுத்துக்கு ஷிப்ட் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். அதைச் சுண்டுவிரலால் அழுத்தினால் வலி முழங்கை வரை ஏறியது.

இதைக் கேட்டுத்தான் ஜெயனும் ஷிஜியும் வீட்டுக்கு வந்தார்கள். கணவன் மனைவி இருவரும் அதே சபை. ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் மென்பொருள் வேலை. ஜெயனுக்குக் கீபோர்டு செய்வது ஒரு பித்து. தங்கள் ஃபிளாட்டில் தட்டுகளைவிடக் கீபோர்டுகள் அதிகம் என்று ஷிஜி எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

"விரலுக்கு ஏத்த மாதிரி கீபோர்டுதான் மாறணும் மாமி. கீபோர்டுக்காக விரல் மாறக் கூடாது" என்றான் ஜெயன்.

"மாமி, இந்த வார்த்தைய ஞாபகத்தில வச்சுக்கிடுங்க. பின்னால ஒதவும்" என்றாள் ஷிஜி.

அடுத்த சனிக்கிழமை மதியம் ஜெயன் கொண்டுவந்த கீபோர்டு இரண்டு துண்டாக இருந்தது, கைக்கு ஒன்று. பெருவிரலுக்குக் கீழே அகலமான ஒரு விசை. அதைத் தட்டி எடுத்தால் இடைவெளி விழும். அழுத்திப் பிடித்துக்கொண்டால் அதுவே ஷிப்ட் ஆகிவிடும். சுண்டுவிரலுக்கு இனி வேலை இல்லை. மூட்டு நோகாதிருக்க மிக மெல்லிய ஸ்பிரிங்காகப் பார்த்துப் போட்டிருந்தான். ஜெயன் படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். தமிழ் எழுத்து எந்த விசையில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிவதற்காக ஷிஜி எல்லாவற்றின் மேலும் சிறு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள்.

ரத்னாபாய் தட்டிப் பார்த்தார். வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் இடைவெளியே விழவில்லை. எல்லாம் ரயில் பெட்டிபோல ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஓடின.

"பெருவிரல் அங்கேயே தங்குது மாமி. அதனால ஷிப்ட்டாக்கும்னு அது நினைக்குது. கொஞ்சம் சடார்னு எடுங்க."

ரத்னாபாய் சடாரென்று எடுக்க முயன்றார். விரல் வரவில்லை. முகம் சுருங்கியது.

"விரல் மாறக் கூடாதுன்னு ஒரு ஆளு சொன்னாரே, அவரு எங்க போயாச்சு?" என்று ஷிஜி அறையைச் சுற்றிலும் தேடினாள்.

ஜெயன் தலையைச் சொறிந்துகொண்டு மடிக்கணினியைத் திறந்தான். தட்டலா, பிடித்தலா என்று முடிவு செய்யும் முன் விசை எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதைத் தன் கை வேகத்துக்குத்தான் அவன் வைத்திருந்தான். இப்போது அதைக் கூட்டினான். கூட்டியதும் ஷிப்ட் தாமதமாக வந்தது. பிறகு, பெருவிரல் கீழே இருக்கும்போதே இன்னொரு விசை அழுந்தி எழுந்தால் உடனே ஷிப்ட் என்று எடுத்துக்கொள்ளும்படி ஒரு ஏற்பாடு செய்தான். ரத்னாபாய் தட்ட, அவன் மாற்ற, மறுபடியும் தட்ட, மாலை டீ வருவதற்குள் வரிகள் ஒழுங்காக விழுந்தன. ஒருவர் வேகத்துக்கு இன்னொருவர் காத்திருப்பதற்கு அவ்வளவு நேரம்தான் ஆகிறது. ஆனால் காத்திருக்க வேண்டும் என்று யாராவது நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

வேலை பலித்த சந்தோஷத்தில் ஜெயன் ஒன்று கூடுதலாகச் செய்தான். "பாஸ்டர் அடிக்கடி ஆமென் சொல்லுவாரல்லே? அத முழுசா அடிக்க வேண்டாம். இந்த 'ம' கீயத் தட்டினா 'ம'. பிடிச்சா ஆமென். பிடிச்சிட்டே இருந்தா ஆமென், ஆமென்னு வந்துட்டே இருக்கும்."

"நல்லாத்தான் இருக்கு" என்றார் ரத்னாபாய். அப்போது யாருக்கும் வேறெதுவும் தோன்றவில்லை.

சபைச் செயலாளர் தங்கையனிடம் அனுமதி வாங்குவதுதான் கடினமாக இருந்தது. அவர் ராஜையனுக்குப் பழைய சிநேகிதர். முன்பு ராஜையனின் மறுபக்கத்தில் அதே பெஞ்சில் உட்கார்ந்து, அவரோடு கனத்த அடிக்குரலில் பாடியவர். ஆனால் ஆலய விஷயத்தில் கறார்.

"இன்னைக்கு டிவி வப்பீங்க. நாளைக்கு கிரிக்கெட் போடச் சொல்லுவினும்" என்றார். பிறகு ரத்னாபாயின் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கினார். "செரி, ஒரேயொரு ஞாயிறு. ஆராதனைக்கு இடைஞ்சல் வந்தா அதோட நிறுத்தியாச்சு."

வீட்டில் ரத்னாபாய் போனில் தட்டி ராஜையனிடம் நீட்டினார்: 'ஒரு ஞாயிறு வாங்க. டீக்கடைக்காரருக்கும் ஒரு லீவு கிடைக்கட்டும்.' ராஜையன் வாசித்துவிட்டு நீண்ட நேரம் மீசையைத் தடவினார். "பிள்ளைங்க பரிகசிக்குமே" என்றார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையை அவரே எடுத்து இஸ்திரி போட்டார்.

ஆலயத்தில் முன்பெஞ்சில் அவர். அவருக்கு எதிரே ஜெயன் வீட்டு டிவி. பக்கவாட்டில் ஒரு மேசையில் ரத்னாபாய். போதகர், தான் பஸ்ஸில் குடையை மறந்துவிட்டு இறங்கி, வேறொருவர் குடையைத் தன்னுடையதென்று வாதாடிய கதையைச் சொன்னார். ஜனங்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து முடித்த பிறகு ராஜையன் தனியாக உரக்கச் சிரித்தார். பிந்திதான் சிரித்தார், ஆனால் எதற்கென்று தெரிந்து சிரித்தார். ரத்னாபாயின் விரல்கள் இன்னும் லேசாக ஓடின.

"ஜெபிப்போம்" என்றார் போதகர்.

ரத்னாபாய் அந்த வார்த்தையைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடினார். குழந்தையாக இருந்ததிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டால் அவருடைய கண் தானாக மூடிக்கொள்ளும். கை அப்படியே விசைகளின் மேல் இருந்தது. வீங்கிய நடுவிரலின் பாரம் 'ம' மேல் இறங்கியது. நோகாதிருக்கப் போட்ட மெல்லிய ஸ்பிரிங் அதற்கே தணிந்தது.

திரையில் ஆமென் என்று வந்தது.

"ஆமென்!" என்றார் ராஜையன். காது கேளாதவரின் குரல்; கூரைவரை போயிற்று.

மறுபடியும் ஆமென் வந்தது. மறுபடியும் "ஆமென்!" வரி வரியாக அது இறங்கிக்கொண்டே இருந்தது. ஒன்றையும் விட்டுவிடாமல் அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கண்ணை மூடியிருந்த ஜனங்கள், இன்று ஏதோ விசேஷமான அருள் இறங்கியிருக்கிறது என்று எண்ணி, பின்பெஞ்சிலிருந்து கூடவே சொல்ல ஆரம்பித்தார்கள். போதகரும் கண்ணை மூடித்தான் இருந்தார். சபையின் உற்சாகத்தில் வழக்கமான ஜெபத்தோடு மழைக்காகவும் சாலைப் போக்குவரத்துக்காகவும் சேர்த்து ஜெபித்தார். கடைசியில் கண் திறந்து பார்த்த குழந்தைகள்தான் முதலில் சிரித்தன. ஷிஜி ஓடிவந்து ரத்னாபாயின் கையைத் தூக்கினாள். திரை முழுவதும் ஆமென். ஆலயமே சிரித்தது.

கூட்டம் கலைந்ததும் தங்கையன் வந்தார். "ஜெபத்தில விளையாட்டு வேண்டாம்னுதான் நான் முதல்லயே சொன்னேன்" என்றார்.

ராஜையன் முகம் மலர்ந்து உட்கார்ந்திருந்தார். "பாஸ்டர் இன்னைக்கு அருமையா ஜெபிச்சாரு. எத்தனை ஆமென்!" என்றார் மனைவியிடம். பொய் சொல்ல ரத்னாபாய்க்கு வாய் வரவில்லை. போனில் தட்டிக் காட்டினார்: 'அது பாஸ்டர் சொன்னதில்ல. எனக்க விரல் கீயில இருந்துபோச்சு.'

அவர் வாசித்தார். மெதுவாக முகத்தில் விளக்கு அணைந்தது. "அப்போ எல்லாரும் என்னையாக்கும் பாத்துச் சிரிச்சது" என்றார். பையிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். "நான் வண்டிய எடுக்கேன். அடுத்த ஆழ்ச்ச ஞாயிறு பழைய மாதிரி டீக்கடையில நிக்கேன்."

"ஓய், நில்லும்" என்றார் தங்கையன். ராஜையன் நடந்துகொண்டே இருந்தார். தான் கூப்பிட்டது கேட்காது என்பது அப்போதுதான் தங்கையனுக்கு உறைத்தது. பின்னால் போய்ச் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து வந்து பெஞ்சில் உட்கார வைத்தார். பிறகு தானே போய் ரத்னாபாயின் மேசைக்கு முன் அமர்ந்தார். ஒற்றை விரலை நீட்டி, ஷிஜி ஒட்டிய ஸ்டிக்கர்களில் எழுத்தைத் தேடித் தேடி அழுத்தினார். எல்லாரும் திரையைப் பார்த்தார்கள்.

'உ' என்று வந்தது. அடுத்து 'ம' வேண்டும். தங்கையனின் விரல் கனமான விரல். அழுத்தினால் எடுக்க மனம் வராத விரல். 'உஆமென்ஆமென்ஆமென்' என்று திரை சொன்னது.

"அய்யோ, இது என்ன எழவு!" என்று கையை உதறினார் தங்கையன். சொன்ன இடம் ஆலயம் என்று நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

ராஜையன் திரையைப் பார்த்தார், சிநேகிதரைப் பார்த்தார். "ஆமென்" என்றார் மெதுவாக. அவருடைய தோள் குலுங்க ஆரம்பித்தது. தங்கையனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே விடாமல் தேடினார். கடைசியில், ஜெயன் உதவியோடு, திரையில் இப்படி நின்றது: 'உமக்க சத்தம் இல்லாத பெஞ்சில நானும் ஒழுங்காப் பாடினதில்ல. அடுத்த ஞாயிறும் வாரும்.'

ராஜையன் அதை உரக்க வாசித்தார். இன்னொரு தடவையும் வாசித்தார். சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"மாமா, அந்த ஆமென எடுத்திரட்டா?" என்று ஜெயன் தட்டிக் கேட்டான்.

"எடுக்காத மக்களே. ஆனா ஒண்ணு ஒண்ணா வரும்படி வை. எனக்கு மூச்சு வாங்குது."

ஜெயன் அங்கேயே தரையில் உட்கார்ந்து மாற்றினான். இனிமேல் பெருவிரல் விசையையும் சேர்த்துப் பிடித்தால்தான் ஆமென் வரும். அதுவும் ஒரு தடவைதான். "ஜெப நேரத்துக்குக் கீபோர்ட பூட்டிர ஒரு கீயும் வைக்கட்டா மாமி? நீங்க நிம்மதியா கண்ண மூடலாம்" என்றான்.

ரத்னாபாய் யோசித்தார். பூட்டினால் திரை வெறுமையாக நிற்கும். எல்லாரும் ஜெபிக்கும்போது ராஜையன் மட்டும் மறுபடியும் டீக்கடையில் நிற்கிற மாதிரிதான்.

"வேண்டாம். நான் கண்ணத் திறந்துட்டே ஜெபிக்கேன்" என்றார். சொன்ன பிறகு அது சரிதானா என்று பயம் வந்து போதகரைத் திரும்பிப் பார்த்தார்.

போதகர் சிரித்தார். "பஸ் டிரைவர் கண்ண மூடிட்டா ஜெபிக்காரு? நானும் கொஞ்சம் பைய ஜெபிக்கேன், உங்க விரலுக்குத் தக்கன."

அடுத்த ஞாயிறு அப்படியே நடந்தது. "ஜெபிப்போம்" என்றதும் ஆலயம் முழுவதும் தலை கவிழ்ந்தது. ரத்னாபாய் வாழ்நாளில் முதன்முறையாக ஜெபிக்கிற சபையைக் கண்ணால் பார்த்தார். கைக்குழந்தையை ஆட்டிக்கொண்டே ஜெபிக்கிற தாய். தோளோடு தோள் ஒட்டி நிற்கிற ஜெயனும் ஷிஜியும். தன் பழைய பெஞ்சை விட்டு முன்பெஞ்சுக்கு வந்துவிட்ட தங்கையன். இத்தனை பேரும் இவ்வளவு அழகானவர்கள் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. போதகர் ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நிறுத்தி ஜெபித்தார். ரத்னாபாயின் விரல்கள் அதைத் திரைக்குக் கொண்டுபோயின.

அந்தக் கூட்டத்தில் கண் திறந்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ராஜையன் திரையிலிருந்து பார்வையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். முன்பெல்லாம் ஆலயத்தில் ராஜையன் அவர் பக்கத்தில்தான் உட்காருவார். ஜெப நேரத்தில் அவருடைய முகம் எப்படி இருக்கும் என்று ரத்னாபாய்க்கு இன்றுதான் தெரிந்தது.

ஜெபம் முடிந்தது. ரத்னாபாய் பெருவிரலால் அழுத்தி, நடுவிரலை 'ம' மேல் வைத்துப் பிடித்தார். திரையில் ஒரே ஒரு ஆமென் வந்தது.

"ஆமென்!" என்றார் ராஜையன், கூரை அதிர. அவர் பக்கத்தில் தங்கையன், அரைக்கணம் பிந்தி, அதே அடிக்குரலில் சேர்ந்துகொண்டார்.